மாரி இரவில் கத்துவது யார்? யாழ்ப்பாணத்துத் தவளைகளை இனங்காண ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டிய இரவு, யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். பகலில் வெறும் பள்ளமாகக் கிடந்த இடம் மாலைக்குள் நிரம்பி, இருட்டியதும் அங்கே காது அடைக்கும் கச்சேரி நடக்கும். "தவளை கத்துது" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தச் சத்தத்துக்குள் நாலைந்து இனங்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல், தனிக் கால், தனி இடம். ஒரு மாரிகாலம் மனம் வைத்தால் இவற்றைப் பிரித்தறியப் பழகிவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலங்கைத் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி சிங்கராஜா, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைப் பக்கத்து ஈரக் காடுகளில்தான் இருக்கிறது. கேலும் மனமேந்திர ஆரச்சியும் ரொகான் பெத்தியகொடவும் 2005இல் வெளியிட்ட ஒரே ஆய்வில் 27 புதிய புதர்த்தவளைகளுக்குப் பெயர் சூட்டினார்கள். அந்தப் புதர்த்தவளைகளுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். அதற்கு நிலம் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். நாலு மாதம் மழை, எட்டு மாதம் வெயில் என்றிருக்கும் நமது சுண்ணாம்புக்கல் குடாநாட்டுக்கு அந்த வாழ்க்கை சரிவராது.

நம்மிடம் பத்துப் பன்னிரண்டு இனம்தான் எதிர்பார்க்கலாம். அவையும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கரையில் இருப்பவையே. பாக்கு நீரிணை ஆழமற்றது. பனியுகங்களில் கடல் மட்டம் இறங்கியபோதெல்லாம் இங்கிருந்து அங்கே தரைவழி இருந்தது. இப்படித் தரை இணைந்திருந்தும் ஈரவலயத் தவளைகள் பெரும்பாலும் தம் மலைகளை விட்டு நகரவில்லை என்பதை 2004இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. வறண்ட சமவெளியில் வாழப் பழகிய தவளைகளுக்குத்தான் நடுவில் தடை இருக்கவில்லை. வேதாரணியத்து வயலில் கத்தும் அதே இனங்கள் சாவகச்சேரியிலும் கத்துகின்றன. எண்ணிக்கை குறைவு என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில், புறப்படும் முறை

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே முக்கியமான காலம். வடகீழ்ப் பருவமழையின் முதல் இரண்டு மூன்று பெருமழை இரவுகளைத் தவறவிடாதீர்கள். சில இனங்கள் அந்தச் சில இரவுகளில் மட்டும் மண்ணிலிருந்து வெளியே வந்து, துணை தேடி, முட்டையிட்டுவிட்டு மறைந்துவிடும். இரவு ஏழிலிருந்து பத்து மணி வரை போதும்.

டோர்ச், முழங்கால் வரையான சப்பாத்து, ஒரு சிறு கொப்பி, ஒலிப்பதிவு செய்யும் போன். வேறு ஒன்றும் தேவையில்லை. சப்பாத்தைப் பற்றி மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். தவளை கூடும் இடத்துக்குப் பாம்பும் வரும். நீர்ப்பாம்பு பயமில்லை, ஆனால் வரம்பில் புடையனும், மணல் பாங்கான இடத்தில் சுருட்டையும் படுத்திருக்கலாம். அடி எடுத்து வைக்குமுன் வெளிச்சத்தை நிலத்தில் அடித்துப் பாருங்கள். கால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் வயற்சேற்றில் இறங்க வேண்டாம். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் இங்கே எப்படிப் பரவியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். முகமாலைப் பக்கம் போகிறவர்கள் கண்ணிவெடிப் பலகை உள்ள இடத்தில் ஓர் அடிகூட உள்ளே வைக்கக் கூடாது.

எங்கே போவது? வலிகாமத்தில் வழுக்கியாறு ஓடும் பாதை அருமையானது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல அது ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களில் அந்தத் தண்ணீர் தேங்கும் இடங்களில் நில்லுங்கள். தென்மராட்சி வயல்கள், நகரத்துக்குள் ஆரியகுளம், புல்லுக்குளம், அப்புறம் உங்கள் வீட்டுக் கிணற்றடி. தெரியாத இடமென்றால் அந்த ஊர்க்காரரைக் கேட்பதே சுருக்கு வழி. தென்மராட்சியில் ஒரு முறை நான் வரம்பில் குனிந்து நின்றபோது வயல் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் வெளிச்சத்தைக் கண்டு நின்றார்.

"உதுக்குள்ள என்ன தேடுறீர், தம்பி?"

"தவளை பாக்கிறன், ஐயா."

"தவளையோ? அப்ப மதகடிக்குப் போம். பெரிசுகள் அங்கதான் கத்தும். இங்க சின்னனுகள் மட்டும்."

அவர் சொன்னது அப்படியே சரி. மதகின் ஆழத் தண்ணீரில் பெரிய தவளைகள், வரம்போரத்துச் சிறு தேக்கத்தில் சின்னத் தவளைகள். பெயர் தெரியாமலே அவர் இனங்களைப் பிரித்து வைத்திருந்தார்.

காது முதல்

"நுணலும் தன் வாயால் கெடும்" என்பது பழமொழி. நுணல் என்பது மணலுக்குள் புதைந்திருக்கும் தவளை. கண்ணுக்குத் தெரியாத அதைக் காட்டிக்கொடுப்பது அதன் குரல். தவளை பார்க்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: முதலில் கேளுங்கள், பிறகு தேடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் டோர்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உங்கள் காலடி கேட்டு அடங்கிய சத்தம் மெல்லத் திரும்ப வரும். முதலில் ஒன்று தொடங்கும், அப்புறம் பக்கத்தில் ஒன்று பதில் சொல்லும். இப்படிக் கத்துவது பெரும்பாலும் ஆண்களே. தொண்டைக்குக் கீழே உள்ள பை பலூன் போல ஊதி அந்தக் குரலைப் பெருக்குகிறது. தன் இனத்துக் குரலைத் தேடித்தான் பெண் வரும். அதனால் ஒவ்வோர் இனத்தின் குரலும் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். அடையாளத்துக்கு நிறத்தைவிடக் குரலை நம்பலாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் வரும் கரகரப்புக் கேட்கிறதா? அது நகத்தளவே உள்ள குறுவாய்த்தவளை. மரத்தில் தட்டுவது போல "டக்… டக்டக்" என்று கூரையிலிருந்தோ தொட்டி விளிம்பிலிருந்தோ வந்தால் வீட்டு மரத்தவளை. நிறுத்தாமல் நீளமாக உருளும் ஒரே சுருதி சொறித்தவளையுடையது. சில்வண்டு என்று நினைக்க வைக்கும் விரைவான கீச்சொலி வயல்தவளை. மாடு கனைப்பது போலக் கனத்த, இழுத்த குரல் வெள்ளப் பள்ளத்தின் நடுவிலிருந்து வந்தால் பலூன் தவளையின் குடும்பத்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று பொருள்.

ஒவ்வொரு குரலையும் அரை நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே இடம், நேரம், மழை பெய்ததா என்பதைச் சொல்லிவிடுங்கள். பிறகு கொப்பியைத் தேடும் வேலை இல்லை.

அடுத்தது கால்

இனி டோர்ச்சைப் போடலாம். எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பச்சையாக இருந்ததை ஒரு பெயராலும், மண்ணிறமாக இருந்ததை வேறு பெயராலும் கொப்பியில் எழுதி வைத்தேன். இரண்டும் ஒரே இனம் என்று தெரிய ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. ஒரே தவளை பகலில் வெளிறியும் இரவில் கறுத்தும் தெரியும். குட்டிக்கு ஒரு நிறம், கிழத்துக்கு ஒரு நிறம். கால் அப்படி மாறாது. அது அந்தத் தவளை செய்யும் தொழிலுக்கென்று அமைந்த கருவி.

மூன்று கேள்விகள் கேளுங்கள்.

விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கிறதா? இருந்தால் ஏறும் தவளை. கண்ணாடி யன்னலில் ஒட்டி நிற்கும்போது மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு விரலும் சிறு பொத்தானை அழுத்தியது போலத் தெரியும்.

பின்காலில் விரல்களுக்கிடையே சவ்வு நுனி வரை ஓடுகிறதா? ஓடினால் நீரை விட்டு அதிகம் அகலாத தவளை. பாதி தூரம் மட்டும் என்றால் வயல், புல், சேறு என்று திரியும் தவளை.

குதிகாலின் உட்பக்கத்தில் தடித்த, மண்வெட்டி போன்ற ஒரு மேடு இருக்கிறதா? இருந்தால் தோண்டும் தவளை. பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். கால்களை இடமும் வலமும் அரைத்து, உட்கார்ந்தபடியே அமிழ்ந்துபோவதை ஒரு முறை பார்த்துவிட்டால் அந்த மேட்டின் வேலை மறக்காது.

இந்த மூன்றிலேயே நமது தவளைகளில் பெரும்பாலானவை பிரிந்துவிடும். முதுகு வழவழப்பா, நீள மடிப்பா, முள்ளுமுள்ளாகவா, தொடையின் பின்புறத்தில் என்ன கோலம் என்பவை அதன் பிறகு.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

வீட்டு மரத்தவளையிலிருந்து தொடங்கலாம், அதுதான் நம்மோடு ஒரே கூரையில் இருக்கிறது. அறிவியல் பெயர் பொலிபிடேட்டஸ் மகுலேட்டஸ். குளியலறைச் சுவர், தண்ணீர்த்தாங்கியின் மூடி, சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், கிடுகு வேலியின் இடுக்கு. பகல் முழுவதும் கைகால்களை உடலுக்குக் கீழே மடித்து, ஒரு களிமண் கட்டி போல அசையாமல் இருக்கும். விரல் நுனியில் பெரிய தட்டு. அது காலை நீட்டும் கணத்தில் தொடையின் பின்புறத்தைப் பாருங்கள்: கரும்பழுப்பின் மேல் வட்ட வட்டமான மஞ்சள் புள்ளிகள். இதுதான் உறுதியான அடையாளம்.

எங்கள் கிணற்றடித் தொட்டியின் விளிம்பில் ஒரு விடியற்காலை, யாரோ சவர்க்கார நுரையை அள்ளி ஒட்டியது போல வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. கழுவ வாளியைத் தூக்கிய பிறகுதான் பக்கத்தில் வயிறு ஒட்டிப்போன ஒரு பெண் தவளை இருப்பதைக் கண்டேன். அது நுரைக்கூடு. உடலிலிருந்து வரும் திரவத்தைப் பின்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டைகளை வைத்து, தண்ணீருக்கு மேலே ஒட்டியிருந்தது. நாட்கள் போக மேல் பகுதி காய்ந்து மொறுமொறுப்பானது, உள்ளே மட்டும் ஈரம். பிறகு ஒரு மழையில் அடிப்பக்கம் கரைந்தது. சொட்டுச் சொட்டாக வாற்பேத்தைகள் தொட்டிக்குள் விழுந்ததை நான் நின்று பார்த்தேன். இனி உங்கள் தொட்டியில் அப்படி ஒன்றைக் கண்டால், ஒரு கிழமை அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள்.

இதைத் "தேரை" என்று சொல்லும் வீடுகளும் உண்டு, சொறித்தவளையைத் தேரை என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஆகவே யாராவது தேரை என்றால் "சுவரில் ஏறுமா?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, தேரை மோந்ததால் தேங்காய் உள்ளே வெறுமையாகப் போயிற்று என்பார்கள். இந்தத் தவளைகள் பூச்சி தின்பவை. தேங்காயின் பருப்பு கூடாமல் போவதற்குக் காரணம் மகரந்தச் சேர்க்கைக் குறையும் மரத்தின் போசணைக் குறையும்தான். பழியை இதன்மேல் போட்டு அடித்துக் கொல்ல வேண்டாம்.

சொறித்தவளை, அதாவது டட்டாபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ், எவருக்கும் தெரியும். தெருவிளக்கின் கீழே விழும் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும் அது. அருகில் குனிந்து தலையைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே மை தீட்டியது போலக் கறுத்த எலும்பு வரம்பு. கண்ணுக்குப் பின்னால் அவரை விதை போலத் தடித்த இரண்டு சுரப்பிகள். நஞ்சு அதற்குள் இருக்கிறது. நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். உடனே நாயின் வாயைத் தண்ணீரால் கழுவ வேண்டும். நீங்கள் தொட்டால் மரு வராது, ஆனால் கை கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. முட்டைகள் கறுப்பு மணி கோத்த நீள நூல் போல நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும். வாற்பேத்தைகள் கரிக்கறுப்பு, எப்போதும் கூட்டமாகவே நீந்தும். ஒரு சின்ன எச்சரிக்கை: தீவின் உலர் வலயத்தில் ஸ்கேபர் என்னும் சின்னச் சொறித்தவளை ஒன்றும் உண்டு. விரல் நீளமுள்ளதெல்லாம் பெரியதன் குட்டி என்று எழுதிவிடாமல் தலை வரம்பு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீரில் இருப்பவை இரண்டு. கிணற்றுத் தவளை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்றையே. தாவுதவளை (யூபிளிக்டிஸ் சயனோபிளிக்டிஸ்) சிறியது. கண்கள் மட்டும் வெளியே தெரிய மிதக்கும். கல் விழுந்தால் நீருக்குள் மூழ்காமல், ஓடு எறிந்தது போல நீர்ப்பரப்பின் மேலேயே தத்தித் தத்திப் போகும். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் வேறு அடையாளம் வேண்டாம். பெரியது பச்சைத்தவளை (யூபிளிக்டிஸ் ஹெக்ஸாடக்டைலஸ்). உள்ளங்கை நிறையும். இளமையில் புல்பச்சை, முதுகின் நடுவே வெளிர்க் கோடு. முதிர்ந்தால் ஒலிவ் நிறத்துக்கோ பழுப்புக்கோ மாறிவிடும். கொப்பியில் என்னை ஒரு பருவம் அலைக்கழித்தது இதுதான். இரண்டுக்கும் பின்காலில் சவ்வு விரல் நுனி வரை உண்டு. பச்சைத்தவளையின் விலாவில் கைக்கடியிலிருந்து கவட்டை வரை தையல் போட்டது போலச் சிறு மேடுகள் வரிசையாக ஓடும். ஒரு வியப்பு: வளர்ந்த பச்சைத்தவளை இலையும் தின்னும். தவளைகளில் இது மிக அரிது. இந்தியாவில் தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பிடிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. 1987இல் அங்கே அந்த ஏற்றுமதியைத் தடை செய்தார்கள்.

பச்சைத்தவளையோடு குழம்பக்கூடியது எருதுத்தவளை, ஹொப்ளோபற்றாகஸ் கிராசஸ். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இதன் முதுகில் விரலால் தடவினால் தட்டுப்படும் நீள மடிப்புகள் இருக்கும், குதிகாலில் மண்வெட்டி மேடு பெரிதாக இருக்கும், பின்காலில் சவ்வு நுனி வரை வராது. கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடந்து மழைக்கு எழும்பி வரும். வாய்க்குள் அடங்கும் எதையும், மற்றத் தவளையையும்கூட, விழுங்கும்.

வயல்தவளை (மினெர்வாரியா அக்ரிகோலா) மண்ணிறம், நாலைந்து சென்ரிமீற்றர், முதுகில் துண்டு துண்டான மடிப்பு, சிலவற்றுக்கு நடுக்கோடு. கத்தும் ஆணின் தொண்டையில் கறுப்பு அடையாளம். எருதுத்தவளைக் குட்டியும் இப்படியே தெரியும் என்பதால் குதிகால் மேட்டைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

மணல்தவளை (ஸ்பெரோதீக்கா) நமது நுணல். குண்டு உடல், குட்டைக் கால், வலுவான மண்வெட்டி. தோட்ட நிலத்தைக் கொத்தும்போது மண்கட்டியோடு புரண்டு வருவது இதுவாக இருக்கலாம். அப்படி வந்தால் நிழலான ஈரமண்ணில் விட்டுவிடுங்கள், தானே இறங்கிவிடும்.

இனிக் குறுவாய்க் கூட்டம். எறும்பும் கறையானும் தின்னும் சின்ன வாய், முக்கோணத் தலை. இவர்களில் மிகச் சிறியது மைக்ரோஹைலா ஓர்னாட்டா. இரண்டரை சென்ரிமீற்றர்கூட இருக்காது. முதுகில் இடை சிறுத்துப் பின்னால் விரியும் கரும்பழுப்புக் கோலம். சத்தம் மட்டும் பத்து மடங்கு. தேடும்போது உங்கள் சப்பாத்துக்குப் பக்கத்துப் புல்லடியில்தான் இருக்கும். இதன் வாற்பேத்தை கண்ணாடி போன்றது. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு அள்ளிப் பார்த்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். இதன் உறவான செந்நிறத் தவளை ஒன்றை நெடுங்காலம் இந்திய இனமாகவே எண்ணியிருந்தார்கள். 2016இல்தான் அது இலங்கைக்கே உரிய தனி இனம் என்று கண்டு மிகிந்தலையின் பெயரை வைத்தார்கள்.

பலூன் தவளை (யூபெரோடன் சிஸ்டோமா) உருண்டை. தலை எங்கே முடிந்து உடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வர்ணத்தவளை (யூபெரோடன் டப்ரோபானிக்கஸ்) கறுப்பில் செங்கல் சிவப்புத் திட்டுகள் கொண்டது, மரப்பொந்திலும் ஏறி இருக்கும். இரண்டும் முதல் மழையோடு வெளியே வந்து, நீரில் உடலை ஊதி மிதந்தபடி கத்தும். அந்தச் சில இரவுகளைத் தவறவிட்டால் பார்ப்பது கடினம்.

குளம் இருக்க, பள்ளத்தில் ஏன்?

நிலாவரைக் கிணறு போன்று ஒருபோதும் வற்றாத நீர் இருக்கும்போது, இரண்டு கிழமையில் வற்றப்போகும் ஒழுங்கைப் பள்ளத்தில் ஏன் இத்தனை தவளை கூடுகிறது? நிரந்தரக் குளத்தில் மீன் இருக்கிறது, மீன் வாற்பேத்தையைத் தின்னும். புதுப்பள்ளத்தில் மீன் இல்லை. ஆனால் நமது சுண்ணாம்பு நிலம் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். ஆகவே அந்தக் குஞ்சுகள் நீரோடு ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன. கால் முளைக்குமுன் பள்ளம் வற்றினால் அந்தத் தலைமுறை முடிந்தது. முற்றத்துப் பள்ளத்தை மண் போட்டு நிரப்புவதாக இருந்தால் தை மாதம் வரை பொறுத்துச் செய்யுங்கள். நுளம்புக் குடம்பி பெருகாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

தோலைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. தோலாலும் மூச்சு விடுகிறது. நீரேரிக் கரையின் உப்புத் தண்ணீரில் தவளை அரிது என்பதற்கும், தோட்டத்தில் அடிக்கும் கிருமிநாசினி முதலில் தவளையைத் தாக்குவதற்கும் காரணம் ஒன்றே. கையில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையை வெறும் தண்ணீரில் நனைத்து எடுங்கள். நுளம்புத் தைலம் பூசிய கையால் தொடவே கூடாது. ஒரு நிமிடத்துக்குள் எடுத்த இடத்திலேயே விடுங்கள். போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள்.

படம் எடுக்கும்போது நாலு கோணம் போதும்: மேலிருந்து முதுகு, பக்கத்திலிருந்து முகம், பின்கால், முடிந்தால் தொடையின் பின்புறம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்தால் அளவு தெரியும். கொப்பியில் திகதி, இடம், எந்த நீர், கேட்ட குரல்கள் என்று எழுதுங்கள். உறுதியில்லாதபோது "வயல்தவளை?" என்று கேள்விக்குறியோடு எழுதுவதில் தவறில்லை. பிழையான பெயரைவிட அந்தக் கேள்விக்குறி பயனுள்ளது. முதல் மழை விழுந்த நாளையும் முதல் குரல் கேட்ட நாளையும் ஆண்டுதோறும் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் உங்கள் ஊரின் மாரியைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவு உங்களிடம் இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. விரலில் தட்டு உள்ள மரத்தவளை சீமெந்துத் தொட்டிக்குள் விழுந்தாலும் சுவரில் ஏறி வந்துவிடும். சொறித்தவளை, வயல்தவளை, எருதுத்தவளை எல்லாம் வர முடியாமல் விடியும் வரை நீந்தி நீந்திக் களைத்துச் செத்துப்போகும். மழை தொடங்குமுன் தொட்டிக்குள் ஒரு பனைமட்டையைச் சரித்து வையுங்கள். கருக்குப் பக்கம் கீழே இருக்கட்டும்.